புன்னைக்காயல் மணலும் பத்தொன்பது கருவிகளும்

தூத்துக்குடி ஸ்டேஷனில் என் பையைத் தூக்கிய போர்ட்டர் நாலடி நடந்துவிட்டுக் கீழே வைத்தார். "உள்ள என்ன சார், கல்லா?" என்றார். கல் இல்லை, சைக்கிள் ரிப்பேருக்கான பத்தொன்பது கருவிகளும் ஒரு தகரப் பெட்டியும் என்றேன். "ஒரு சைக்கிளுக்கா?" என்று கேட்டுவிட்டு வேறு சுமை தேடிப் போய்விட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தேன்.

எங்களுடையது ஸ்பேனர் அடிக்கும் பட்டறை. ஓர் உலை, ஒன்பது ஆட்கள். மேஸ்திரி என்று என்னைச் சொல்வார்கள், ஆனால் என்னையும் சேர்த்துத்தான் ஒன்பது. அது எழுபதுகளின் நடுப்பகுதி. மின்வெட்டில் மில்கள் பாதி நேரம் ஓடவில்லை. மில் ஓடாவிட்டால் எங்கள் ஸ்பேனர் யாருக்கு வேண்டும்? உலை அணைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தீபாவளிக்குள் புது வேலை வராவிட்டால் உலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, இடத்தைக் குடோனாக வாடகைக்கு விடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது அவர்தான் அழுதார், நாங்கள்தான் தேற்றினோம்.

அழுது முடித்த மறுநாளே அவருக்கு ஒரு யோசனை வந்தது. சைக்கிள் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் சின்னத் தகரப் பெட்டி. வழியில் வண்டி நின்றால் திறக்க வேண்டியது, சரி செய்ய வேண்டியது, போக வேண்டியது. உள்ளே என்ன வைப்பது என்று தீர்மானிப்பதற்கு முன்பே, மூடியில் பேத்தியின் பெயரைப் புடைப்பெழுத்தில் போட்டு இரண்டாயிரம் பெட்டிகள் செய்து அடுக்கிவிட்டார். பெட்டியில் ஏழு சாமானுக்கு மேல் நுழையாது. "பத்தொன்பதையும் எடுத்துட்டுப் போ பழனி. எந்த ஏழுன்னு பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். தூத்துக்குடியில் ஒரு மொத்த வியாபாரி, சாமான் பிடித்தால் வாங்குவதாக எழுதியிருந்தார். எங்களுக்கு வந்திருந்த ஒரே கடிதம் அதுதான்.

அந்த வியாபாரி செல்லத்துரை அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கத்துக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். சைக்கிள் சாமான் கடையில் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. "சாப்பிட்டியளா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனார். எண்ணெயில் பொரித்த புரோட்டா. எங்கள் ஊர்ப் புரோட்டா வளையும், இது நொறுங்கியது. நாலு தின்ற பிறகுதான் நான் மனிதனானேன்.

கடைக்குத் திரும்பி மேஜைமேல் பத்தொன்பதையும் பரப்பினேன். எல்லாம் நிக்கல் முலாம் போட்டு மின்னியது. அண்ணாச்சி ஒன்றையும் தொடவில்லை.

"பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் சைக்கிள் மிதிச்சுப் பதினஞ்சு வருசமாச்சு. நான் சொல்லி என்னத்துக்கு? புன்னைக்காயல்ல மீன் சைக்கிள்காரங்க இருக்காவ. சூசைன்னு ஒருத்தருக்குச் சீட்டு எழுதித் தாரேன். ரெண்டு நாள் அவங்ககூடப் போயிட்டு வாரும். அவங்க கையில எது நிக்குதோ அதை நான் விக்குதேன். ஐநூறு செட்டு உடனே எடுக்கேன்."

"நிக்கலீன்னா?"

"நிக்கலைன்னா பையத் தூக்கிட்டு ஊருக்குப் போவும்வே."

அந்த 'வே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் பக்கம் எருமையை விரட்டும்போதுகூட ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்வோம். 'வே' போட்டுவிட்டால் ஆளை வீட்டு மனிதனாகச் சேர்த்துக்கொண்டாயிற்று என்று பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு விளங்கவில்லை. ஐநூறு செட்டு என்றால் உலை மறுபடி எரியும் என்பது மட்டும் விளங்கியது.

அண்ணாச்சியின் கடையிலேயே வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து, சீட்டுக்கு அடியில் தகரப் பெட்டியை முடுக்கிக்கொண்டு, மீதியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மதியம் கிளம்பினேன். புதுத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் உப்புக் குவியல்களைப் பார்த்தால் கண் கூசுகிறது, பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. எதிர்க்காற்று வேறு. எங்கள் ஊரிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும், ஆனால் அதில் உப்பு இருக்காது. இந்தக் காற்றில் உதட்டை நக்கினால் ஊறுகாய் தின்ற மாதிரி இருந்தது.

பாதி வழியில் உடைமுள் ஏறிப் பின்சக்கரம் பஞ்சர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடுரோட்டில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெட்டியை ராஜா மாதிரி திறந்தேன். டயர் லீவர் வெண்ணெயாக வேலை செய்தது. டியூபைத் தேய்த்தாயிற்று. சொல்யூஷனைப் பிதுக்கினால் புஸ்ஸென்று காற்று வந்தது. கோயமுத்தூரிலேயே காய்ந்து போயிருக்கிறது. பத்தொன்பது கருவி வைத்திருந்தவன் ஒரு பஞ்சர் ஒட்ட முடியாமல் உடைமர நிழலில் நின்றேன். உடைமரத்துக்கு நிழல் என்று பெயர்தான்.

உப்பு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. "என்னவே, கடை போட்டிருக்கீரு? ஏறும். சைக்கிளையும் தூக்கிப் போடும்" என்றார் டிரைவர். மூட்டைகள் மேல் உட்கார்ந்து போனேன். பஞ்சுப் பொதி மேல் எத்தனையோ முறை போயிருக்கிறேன், தூக்கம் வரும். உப்பு மூட்டை மேல் தூக்கம் வராது. முள் கீறின கையில் வியர்வையோடு உப்பு இறங்கியபோது தாயாரை நினைத்துக்கொண்டேன்.

ஆத்தூரில் இறக்கிவிட்டார். தெருவெல்லாம் வெற்றிலை வாசனை. கட்டுக் கட்டாக அடுக்கி ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். பஞ்சர் ஒட்டும்வரை ஒரு வியாபாரி கொழுந்து வெற்றிலை ஒன்றைச் சும்மா கொடுத்தார். பாக்கு இல்லாமலே கரைந்தது. அதற்கப்பால் புன்னைக்காயல் ரோடு. போகப் போக ரோடு மெலிந்து மணல் தடித்தது. கடைசிக் கொஞ்ச தூரம் சைக்கிள் என்னைச் சுமக்கவில்லை, நான்தான் அதை உருட்டினேன். கோயில் கோபுரமும் படகுகளும் தெரிந்தபோது சாயங்காலம்.

சூசைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாத மனிதர். அந்தக் குறையை மனைவி மேரி தீர்த்து வைத்தாள். சீட்டைப் படித்ததும், "கோயம்புத்தூர்ல இருந்து சைக்கிள் ரிப்பேர் பண்ணவா வந்திய? அங்க சைக்கிளே இல்லியா?" என்றாள். குசினியில், எங்கள் பேச்சில் சமையலறையில், பாய் போட்டுச் சோறு வைத்தாள். எங்கள் ஊரில் மீன் என்றால் அணைக்கட்டுக் கெண்டை, அதுவும் மாதம் ஒருமுறை. இங்கே தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பில் மதியம்வரை கடலில் இருந்த மீன். மூன்று தரம் சோறு வாங்கினேன். தண்ணீர்தான் உவர்ப்பு. சிறுவாணித் தண்ணீரைப் பற்றி நான் பெருமை பேசியபோது மேரி, "அப்போ அங்க மீன் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நான் குழம்பைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

இரண்டாம் நாள் விடிகிற நேரத்தில் கரையில் ஏலம். ஏலம் முடிந்த நிமிஷம் சைக்கிள்காரர்கள் பறக்கிறார்கள். ஒவ்வொரு கேரியரிலும் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கூடை, ஐஸும் மீனுமாக. மட்கார்டு கிடையாது, செயின் கார்டு கிடையாது, பெல்லுக்குப் பதில் தொண்டை. சூசை முன்னால் மிதிக்க, அவர் கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டு நான் பின்னால் மிதித்தேன்.

ஊரைத் தாண்டி மணல் ரோட்டிலேயே அவருடைய பின்சக்கரம் ஆட்டம் கண்டது. சூசை இறங்கினார். பின்னால் வந்த ஒருவர், மிக்கேல் என்று பெயர், ஒரு வார்த்தை பேசாமல் தன் கூடைமேல் சூசையின் கூடையையும் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் திகைப்பாக இருந்தது. அது அங்கே வழக்கமாம். யார் வண்டி நின்றாலும் அடுத்து வருகிறவர் மீனைக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்துவிடுவார்.

"மீனு காத்துக்கிடக்காதுல்லா. அது முன்னால போவும். வண்டி பின்னால வந்து சேந்துக்கிடும்" என்றார் சூசை.

சொல்லிக்கொண்டே தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்து மணலில் விரித்தார். மீன் போய்விட்டது, இனி அவசரமில்லை, ஒரு தூக்கம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தூங்கட்டும், அதற்குள் வேலையை முடித்து அசத்திவிடலாம். "நீங்க அப்படி ஓரமா உக்காருங்க தம்பி, நான் பாத்துக்கறனுங்க" என்று சொல்லித் துண்டை எடுத்து உதறி மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். சூசை துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பெட்டி திறக்கவில்லை. ஒரு ராத்திரிக் கடற்காற்றில் மூடி பிடித்துக்கொண்டது. முதலாளியின் பேத்தி பெயருக்கு மேல் கல்லால் இரண்டு தட்டுத் தட்டித்தான் திறந்தேன். உள்ளே நிக்கல் முலாத்தில் ஓரமெல்லாம் சிவப்பு. பரவாயில்லை என்று ஸ்பேனரை எடுத்து அச்சு நட்டைக் கழற்றினேன். சுற்றி வந்த நட்டு விரல் நுனியில் நின்றது, நழுவியது, விழுந்தது.

சத்தமே இல்லை. எங்கள் பட்டறையின் சிமெண்டுத் தரையில் நட்டு விழுந்தால் அதுவே கத்தி இடம் சொல்லும். இங்கே மணல் வாயைத் திறந்து வாங்கி மூடிக்கொண்டது. நான் மண்டியிட்டேன். கைகளால் சலித்தேன். சங்கு கிடைத்தது, துருப்பிடித்த தூண்டில் முள் கிடைத்து விரலில் ஏறியது, நட்டு கிடைக்கவில்லை. வெயில் ஏறியது. பத்தொன்பது கருவிகளில் ஓர் உபரி நட்டு கிடையாது. அரை மணி நேரம் கழித்து வியர்வையும் மணலுமாக நான் நிமிர்ந்தபோது, சூசை மடியிலிருந்து சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே இரண்டு நட்டும் நாலைந்து பால்ரஸ் குண்டும் இருந்தன.

"தம்பி, இது முதல்லயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏனுங்க அரை மணி நேரம் தேட விட்டீங்க?"

"நீங்க ஆசையாத் தேடுனிய" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம ரோட்டுல ஸ்பேனர் தொலையாது அண்ணே, நட்டுதான் தொலையும். அதுக்குத்தான் துண்டை விரிச்சேன்" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருஷம் ஸ்பேனர் அடித்தவன் நான். அந்த ஸ்பேனர் எந்தத் தரைமேல் வேலை செய்யப்போகிறது என்று ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. சூசை துண்டை மறுபடி விரித்தார். அதன்மேல் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். கறுப்பு நட்டும் குண்டும் வெள்ளைத் துணியில் தனித்தனியாகத் தெரிந்தன. மற்ற நாட்களில் பிடிக்க ஆள் இருக்காது, தேட ஆள் இருக்காது, கூட வருகிறவர்கள் எல்லாம் மீனோடு போய்விடுவார்கள். அந்தத் துண்டுதான் அவருக்கு இன்னொரு கை. என் பெட்டியிலிருந்து அவர் கேட்டு வாங்கியது சக்கர அச்சை இறுக்கும் மெல்லிய கோன் ஸ்பேனர் ஒன்றைத்தான். கால் மணியில் சக்கரம் ஆடாமல் ஓடியது.

ஏரல் சந்தைக்குப் போகும் வழியில் கொற்கைக்குத் திரும்பும் பாதையைக் காட்டினார். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆவலோடு பார்த்தால் வாழையும் நெல்லும்.

"கடல் எங்கங்க?"

"அது பின்னால போயிட்டு" என்றார் சூசை, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போன மாதிரி. ஏரலில் மிக்கேல் சூசையின் மீனை விற்று முடித்துவிட்டு எங்களுக்கு டீ சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் ஞாயிறு. யாரும் கடலுக்குப் போகவில்லை. பூசை முடிந்ததும் சைக்கிள்காரர்கள் பன்னிரண்டு பேரைச் சூசை கோயில் மைதானத்துக்குக் கூட்டி வந்தார். நான் துண்டை விரித்துப் பத்தொன்பதையும் வைத்து, "வேண்டாததை எடுத்து அந்தப் பக்கம் போடுங்க" என்றேன். அவ்வளவு உற்சாகமாகப் போடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பெரிய ஸ்பேனர்கள் போயின. திருப்புளி போயிற்று. ஒரு லீவரின் நுனியைத் தட்டையாக அடித்தால் திருப்புளி எதற்கு என்றார்கள். பிறகு மிக்கேல் என் சுத்தியலை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் சுத்தியல், நானே வடிவம் போட்டு நானே அடித்தது. பத்தொன்பதில் எனக்குப் பிள்ளை மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

"சுத்தியலா? ரோட்டுல கல்லுக்கா பஞ்சம்?" என்று மிக்கேல் அதை அந்தப் பக்கம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேற்று அந்தப் பெட்டியையே கல்லால் தட்டித்தானே திறந்தேன்? ஆனாலும் வலித்தது.

மிஞ்சியவை ஐந்து. பல துளைகள் கொண்ட தட்டை ஸ்பேனர், கோன் ஸ்பேனர், இரண்டு லீவர், செயின் பின்னைத் தள்ளும் ஆணி. அதோடு பஞ்சர் சாமானும் உபரி நட்டும் குண்டும். இவற்றை எதில் வைப்பது என்ற கேள்விக்கு யாரும் தகரப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேரி படகின் பழைய பாய்த்துணியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தாள். வலை நூலால் பை பையாகத் தைத்தாள். "காக்கியில தைக்கக் கூடாது, வெள்ளையிலதான் நட்டு தெரியும்" என்று சொன்னதும் அவள்தான். நாலு ஓரத்திலும் உள்ளே கயிறு வைத்து மடித்துத் தைத்ததும் அவள்தான். குண்டு உருண்டு ஓடாமல் இருக்க அது வரப்பு. "இவரு துண்டு எத்தனை வாட்டி கிரீஸாகி வந்துருக்கு தெரியுமா? தோய்க்கிறவளுக்கில்லா தெரியும்" என்றாள். கடைசியாகப் புன்னை எண்ணெயைத் தொட்டு உள்பக்கம் தேய்த்துக் கொடுத்தாள். சுருட்டினால் கைக்குள் அடங்கியது, விரித்தால் பட்டறை.

அன்றிரவு சுருளையும் பெட்டியையும் வெளியே காற்றில் வைத்தேன். திங்கள் காலையில் பெட்டிக்குள் சிவப்பு கூடியிருந்தது. சுருளுக்குள் இரும்பு இருந்தபடியே இருந்தது.

நான்காம் நாள் தூத்துக்குடி. அண்ணாச்சி சுருளை மேஜைமேல் விரித்தார். நாலைந்து குண்டுகளை உயரத்திலிருந்து போட்டார். அவை வரப்பில் முட்டி நின்றன. மறுபடி போட்டார். பிறகு முதன்முறையாக ஒரு கருவியைக் கையில் எடுத்தார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் பட்டது, கவனிக்கவில்லை.

"முலாம் வேண்டாம். எண்ணெயில கறுக்கிக் குடும். ஐநூறு எடுக்கேன்" என்றார். "ஆனா ஒண்ணு. தகரப் பெட்டியில வச்சு அனுப்புனா ஒண்ணுகூட வேண்டாம். உங்க முதலாளி ஒத்துக்கிடுவாரா?"

அங்கேதான் சிக்கல். இரண்டாயிரம் பெட்டி. பேத்தியின் பெயர். பெட்டிதான் அவருடைய யோசனை, கருவி எல்லாம் பெட்டியை நிரப்பத்தான். அண்ணாச்சி கடையிலிருந்தே டிரங்க் கால் பதிவு செய்தோம். காலை பத்து மணிக்குப் பதிந்தது மாலை நாலுக்குக் கிடைத்தது. அதற்குள் அண்ணாச்சி வாங்கி வைத்த ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பைப் பயத்திலேயே தின்று தீர்த்தேன்.

கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவே முதலாளியின் குரல். நான் கத்தினேன். "ஐநூறு எடுத்துக்கறாங்கங்க! ஆனா பொட்டி ஆகாதுங்க! துணிதானுங்க வேணும்! மணல்ல நட்டு விழுந்தா கிடைக்கறதில்லீங்க!"

"என்னது? மணலா?"

"பொட்டி வேண்டாமுங்க!"

ஒரு பெருமூச்சு கேட்டது. அல்லது அது கம்பியின் சத்தம். இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி பதிந்தும் கிடைக்கவில்லை.

அன்றிரவே ரயில் ஏறினேன். ஐநூறு செட்டு ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்ற எட்டுப் பேரின் முகமும் ஜன்னலில் வந்து வந்து போயிற்று. என்ன சொல்வது என்று நூறு விதமாக ஒத்திகை பார்த்தேன்.

பட்டறைக் கதவு திறந்திருந்தது. நடுத் தரையில் பக்கத்து வார்ப்படக்காரரிடம் வாங்கிய மணல் ஒரு வண்டி கொட்டிக் கிடந்தது. அதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி மண்டியிட்டிருந்தார். முழங்கைவரை மணல், நெற்றியில் மணல், மீசையில் மணல். சுற்றிலும் எட்டுப் பேரும் நின்றார்கள்.

"நேத்து நீ போன்ல சொன்னியே, எனக்கு நம்பிக்கை வல்ல. நட்டு விழுந்தா எங்க போயிருமுன்னு ஒண்ணைப் போட்டுப் பாத்தேன்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "காலைல இருந்து மூணு போட்டாச்சு பழனி. ஒண்ணுகூடக் கிடைக்கல."

நான் பையிலிருந்து சுருளை எடுத்து மணல்மேல் விரித்தேன். அவர் ஒரு நட்டைப் போட்டார். வெள்ளைத் துணியில் அது கறுப்பாக உட்கார்ந்திருந்தது. எடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து, உலைக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டிக் கத்தினார்.

"இங்க என்னப்பா வேடிக்கை? கரி கொட்டுங்க!"